நிஷிகசாய் நாட்குறிப்பு: இரண்டாம் வகுப்பு

2024 ஏப்ரல் 8, திங்கள்

இன்று டோக்கியோவின் நிஷிகசாயில் பள்ளி திறந்தது. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில்தான் தொடங்குகிறது. மகளுக்கு ஏழு வயது முடிந்துவிட்டதால் இரண்டாம் வகுப்பு. மொழி தெரியுமா, தெரியாதா என்பதெல்லாம் பிறகு; பொதுவாக வயதைப் பார்த்துத்தான் வகுப்பு.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே கட்டாயக் கல்வி கிடையாது. நாம் போய்க் கேட்டால் கட்டணம் வாங்காமல் சேர்த்துக்கொள்வார்கள். கேட்காத வீட்டுப் பிள்ளைகள்? 2019-இல் அரசு எடுத்த கணக்கெடுப்பில் ஏறத்தாழ 20,000 பேர் பள்ளிக்கே போகாமல் இருக்கக்கூடும் என்று தெரியவந்தது. அதைப் படித்த அன்றே இவரை வார்டு அலுவலகத்துக்குத் துரத்தினேன்.

ஏப்ரல் 13, சனி

பெயர் எழுதியே விரல் வலிக்கிறது. பென்சில் ஒவ்வொன்றிலும் பெயர். கிரயான் ஒவ்வொன்றிலும் பெயர், பெட்டியில் தனியாக, மூடியில் தனியாக. வகுப்புக்குள் போடும் வெள்ளைக் காலணியிலும் பெயர். இத்தனை கறாராக நம் ஊரில் எவர்சில்வர் பாத்திரத்துக்குக்கூடப் பெயர் வெட்டமாட்டார்கள்.

வகுப்புப் பிள்ளைகள் ஒலியெழுத்துகளான ஹிரகானா 46, கட்டகானா 46, போதாததற்குச் சென்ற ஆண்டின் 80 கான்ஜி (சீன வழி வந்த) எழுத்துகள் என்று முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ஆண்டு இன்னும் 160. ஆனால் ஹிரகானா அட்டவணையைப் பார்த்ததும் இவள் தானாகவே “அ, இ, உ, எ, ஒ” என்று ராகம் போட்டாள். அடுத்த வரிசைகள் க, ச, த, ந. சமஸ்கிருத எழுத்து முறையைப் படித்த பௌத்தத் துறவிகள் வழியாக வந்த வரிசையாம். அவளுக்கு அந்த வரலாறு தேவைப்படவில்லை. இரண்டு வாரத்தில் முடித்துவிடுவேன் என்கிறாள்.

மே 17, வெள்ளி

எழுத்து வந்துவிட்டது, பேச்சுதான் வரவில்லை. பள்ளியில் வாயே திறப்பதில்லையாம்.

மதிய உணவை வகுப்பிலேயே பிள்ளைகள் முறைவைத்துப் பரிமாறுகிறார்கள். மாடு, பன்றி சேர்ந்த நாள்களில் மட்டும் இவளுக்கு வீட்டுச் சாப்பாடு, அனுமதி வாங்கியிருக்கிறோம். இந்த வாரம் இவளுக்குப் பால் கொடுக்கும் வேலை. ஆளுக்கு ஒரு பால், பேசத் தேவையில்லை. கொடுத்தால் எல்லோரும் ஏதோ சொல்கிறார்களாம். நன்றிதான் சொல்கிறார்கள் என்றேன். “தெரியும்” என்றாள், எரிச்சலாக.

ஜூன் 7, வெள்ளி

பள்ளியில் பிள்ளைகளேதான் தரை துடைக்கிறார்கள்; துடைக்கும் துணி கேட்டுச் சீட்டு வந்தது. கடையில் கிடைக்கும். ஆனாலும் பழைய ஈரிழைத் துண்டை நான்காக மடித்துக் குறுக்கே தைத்துக் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் வரவேற்பறையில் செய்து காட்டினாள்: இரண்டு உள்ளங்கையையும் துணிமேல் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, சுவர்வரை ஒரே ஓட்டம். தாழ்வாரத்தில் நான்கைந்து பேர் வரிசையாகப் போட்டி போட்டு ஓடுகிறார்களாம். ஈரிழை இலேசாக இருப்பதால் இவள்தான் முதலில் வருகிறாளாம். மொழி வகுப்புக்கு வாரத்தில் சில மணி நேரம் அழைத்துப் போகிறார்கள். நல்லதுதான், ஆனால் என் வாக்கு துடைக்கும் துணிக்கே.

செப்டம்பர் 2, திங்கள்

1923 பெருநிலநடுக்கத்தின் நினைவாகச் செப்டம்பர் முதல் தேதி பேரிடர் தடுப்பு நாள். நேற்று ஞாயிறு என்பதால் பள்ளியில் இன்று ஒத்திகை. மேசைக்கு அடியில் புகுந்து, பஞ்சு வைத்த தலைமூடியை மாட்டிக்கொண்டு, மைதானத்துக்கு வரவேண்டும். பெற்றோர் போய் நேரில் அழைத்துவர வேண்டும். தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பிப் போகாதே என்று நான்கு விதிகள்.

என்னைப் பார்த்ததும் ஆசிரியை தயங்கித் தயங்கி, கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார்: உங்கள் மகள் வரிசையில் பேசிக்கொண்டே வந்தாள், வீட்டில் கொஞ்சம் சொல்லிவையுங்கள். தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். வீடு வந்ததும் இவருக்குத் தொலைபேசியில் சொல்லும்போது இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. எதைப் பற்றிப் பேசினாய் என்று கேட்டால் பதில் இல்லை.

நவம்பர் 8, வெள்ளி

வாய்ப்பாட்டுக் காலம். இவளுக்குத் தமிழில் பன்னிரண்டாம் வாய்ப்பாடுவரை தண்ணீர் பட்ட பாடு. இங்கே ஒன்பதுவரைதான், ஆனால் ஆசிரியை முன்னால் அவர்கள் மெட்டில் மளமளவென்று ஒப்பித்தால்தான் முத்திரை விழும். ஏழாம் வாய்ப்பாட்டில் எல்லோருக்கும் நாக்குப் புரள்கிறதாம். இவளுக்கும் இன்று முத்திரை கிடைக்கவில்லை. தோழி ஒருத்திக்கும் கிடைக்கவில்லை. நாளை அந்தப் பெண் இங்கே வருகிறாள், இருவரும் சேர்ந்து ஒப்பிக்கப் போகிறார்களாம். காரமில்லாத தோசை வேண்டுமாம்.

இந்த வாரம் பரிமாறும் முறை முடிந்து வெள்ளை மேலங்கி வீட்டுக்கு வந்திருக்கிறது. துவைத்து, இஸ்திரி போட்டுத் திங்களன்று அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். கையில் குழம்புக் கறை.