உப்பிப்போன அசுவினியும் ஒரு ஜாம் பாட்டிலும்

பள்ளித் தோட்டத்துத் தட்டைப்பயறு பூக்கத் தொடங்கியதும் கொழுந்து நுனிகளில், செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான கறுப்பு அசுவினி அப்பிக்கொள்ளும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்கை எதிரிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க நான் காத்திருப்பது அந்த நாட்களுக்காகத்தான்.

முதல் ஆண்டில் பொறிவண்டின் படத்தைக் காட்டி, இது அசுவினியைத் தின்னும், இதைக் கொல்லக்கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மறுநாள் பிள்ளைகள் கொடியில் கண்ட 'முள்ளுப்புழு' அத்தனையையும் நசுக்கிவிட்டுப் பெருமையோடு வந்து நின்றார்கள். முதலைக்குட்டியைப் போல நீண்டு, கருமையில் வெளிர்புள்ளிகளோடு ஊர்ந்த அவை பொறிவண்டின் புழுக்கள். வண்டைக் காட்டியவன் அதன் புழுவைக் காட்டவில்லை, தவறு என்னுடையதுதான்.

அதன்பின் பாடம் புழுவிலிருந்தே தொடங்குகிறது. லென்ஸை வைத்துப் பார்த்தால், அது ஓர் அசுவினியைக் கவ்விச் சாற்றை உறிஞ்சி, வெறுந்தோலை உதறிவிட்டு அடுத்ததற்கு நகர்வது தெரியும். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக அதைக் காவல் காத்து, வண்டுகளை விரட்டும் எறும்புகளும் அங்கேயே இருக்கும். எறும்பு மொய்க்கும் நுனியில் பொறிவண்டு குறைவாக இருப்பதைப் பிள்ளைகளே எண்ணிக் கண்டுபிடித்தார்கள்.

கூட்டத்தின் நடுவே வைக்கோல் நிறத்தில் உப்பி, அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினிகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. மிகச்சிறிய குளவியொன்று அசுவினியின் உடலுக்குள் முட்டையிட, அதன் புழு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வெறும் கூட்டை விட்டுவைக்கிறது. இலையோடு அவற்றைக் கிள்ளி ஜாம் பாட்டிலில் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி, ஜன்னலோரம் வைத்தோம்.

"இத்துனூண்டு குளவியால என்ன சார் ஆகும்?" என்று ஒருவன் கேட்டான். பப்பாளி மாவுப்பூச்சியின் கதையைச் சொன்னேன். மெக்சிகோ பக்கத்துப் பூச்சியான அது 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டு, பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளியையும் மல்பெரியையும் வெள்ளைப் பஞ்சாய் மூடியது. மருந்தடித்துப் பார்த்தும் பெரிய பயனில்லை. மெழுகுப் பூச்சு அதற்குக் கவசம், மருந்தில் மடிந்தவையோ பெரும்பாலும் அதைத் தின்னும் பூச்சிகள். 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருவுக்கு ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். அவற்றில் 'அசெரோஃபேகஸ் பப்பாயே' என்னும் குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இராது. சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி பெருமளவு அடங்கியது.

அடுத்த வாரம் பாட்டிலில் ஐந்து கூடுகளின் முதுகில் ஊசியால் குத்தியதுபோல வட்டத் துளைகள் இருந்தன. துணியின் அடியில் கறுப்பாய் ஏதோ ஊர்ந்தது. கொடியருகே கொண்டுபோய்த் திறந்தோம். அவை பறந்த திசையைப் பற்றி நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள்.