லைன்ல எத்தனை பேர்?

டெபியன் என்கிற இலவசக் கணினி இயங்குதளத்தைச் செய்பவர்கள், புதுப் பதிப்புக்குக் கடைசிச் சில வாரங்கள் வரை தேதி சொல்ல மாட்டார்கள். தயாரானால் வரும், அவ்வளவுதான் பதில். இந்த முறை 2025 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, டெபியன் 13 என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டார்கள். நேரம் மட்டும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ஐஎஸ்ஓ (மொத்த டிஸ்க்கும் ஒரே கோப்பாக) தயாரித்து, அதை ஆட்கள் நிஜக் கணினிகளில் போட்டுப் பார்த்த பிறகுதான் அறிவிப்பு. நியாயம்தான். அதற்காகச் சனிக்கிழமை முழுக்க நான் ரிஃப்ரெஷ் பட்டனைத் தேய்த்ததும், ரேஷன் கடைக்குப் போகாததும் நியாயமா என்று எங்கள் வீட்டில் கேட்டுவிடாதீர்கள்.

ஞாயிறு காலை பார்த்தால் வந்துவிட்டது. டிவிடி ஐஎஸ்ஓ நாலு ஜிபிக்குச் சற்றுக் குறைவு. கோப்புகளின் நகலை வைத்திருக்கும் சர்வர்களில், அதாவது மிரர்களில், பக்கத்தில் இருப்பதுதான் வேகமாக இருக்கும் என்று எவனோ எழுதி வைத்த சாஸ்திரத்தை நம்பி, நம் நாட்டுக் கல்லூரி ஒன்றின் மிரருக்குப் போனேன். மே மாதத்துப் பழைய பதிப்பு 12.11 இன்னும் அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. இன்னொரு மிரரில் 13 இருந்தது, வினாடிக்கு 38 கேபி. மீதி ஒரு நாள் என்றது, அப்புறம் இரண்டு நாள் என்றது, அப்புறம் சொல்வதையே நிறுத்திக்கொண்டது.

டெபியனின் ஐஎஸ்ஓக்கள் இருக்கும் மூல சர்வர் ஸ்வீடனில், ஊமியோ பல்கலைக்கழக மாணவர்களின் கணினி மன்றத்தில் ஓடுகிறது. உலகத்துக்கே படியளக்கிற பிள்ளைகள். வெளியீட்டுச் சூட்டில் அவர்கள் தலையில் நானும் ஏறுவானேன் என்று, இறக்குகிறவர்களே ஒருவருக்கொருவர் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்ளும் டாரன்ட்டைப் போட்டேன். கூட்டம் கூடக்கூட வேகம் கூடுகிற ஒரே கியூ அதுதான். தோசை ஆறுவதற்குள் இறங்கிவிட்டது. கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்கிற செக்சமும் ஒத்துப்போனது.

"இறங்கியாச்சுல்ல, இன்னும் எதுக்கு ஓடுது?"

அப்பா. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றும் யூனிட் கணக்கிலிருந்து ஓய்வு பெறாதவர். யாராவது ஃப்ரிட்ஜைத் திறந்தால் எழுந்துபோய் மீட்டரைப் பார்ப்பவர்.

"நாம வாங்கினதை மத்தவங்களுக்கு அனுப்புதுப்பா."

"யாருக்கு?"

திரையைக் காட்டினேன். க்யூபிட்டாரன்ட் என்கிற டாரன்ட் மென்பொருளில் இழுப்பவர் ஒவ்வொருவர் பக்கத்திலும் அவரவர் நாட்டுக் கொடி இருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"லைன்ல எத்தனை பேர்?"

"பதினேழு."

"இந்த பிரேசில்காரன் ஏன் இவ்வளவு கம்மியா இழுக்கிறான்?"

"தெரியலப்பா."

"டெயில் எண்டுல இருப்பான். லோ வோல்டேஜ்."

அதற்கப்புறம் பேப்பர் படிக்கும்போது ஒரு நடை, காபி குடித்துவிட்டு ஒரு நடை என்று வந்து பார்த்துக்கொண்டே இருந்தார். போலந்துக்காரர் முடித்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ராத்திரி பதினொரு மணிக்கு அணைக்கப் போனேன்.

"இரு, இரு. இந்தோனேசியாக்காரன் 91 பர்சென்ட்ல நிக்கிறான். பாதியில ஃப்யூஸைப் பிடுங்கினா அவன் நம்மளை என்ன நினைப்பான்?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். புழுக்கம் தாங்காமல் நான் ஏசி ரிமோட்டை எடுத்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஃபேன் போதும்" என்றார்.