சிடிசி புத்தகத்தைப் பார்த்துத் தேர்ந்த ஒயின்

பயணிகள் கப்பல் ஒன்றின் உணவுக்கூடத்தில் ஒயின் ஸ்டூவர்டாக வேலை பார்க்கிறேன். மறைந்த தாய் அல்லது தந்தையின் நினைவாக ஒரு பாட்டில் வேண்டும் என்று கேட்பவர்கள் எல்லாப் பயணங்களிலும் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் பட்டியலில் விலை கூடியதைக் கேட்பார்கள். மற்றவர்கள் இறந்தவர் பிறந்த ஆண்டில் விளைந்த ஒயினைக் கேட்பார்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை என்றாலும், கப்பலில் அதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. விடுப்பில் பாம்பனுக்கு வந்திருந்தபோது, உறவில் பெரியப்பா முறையான ஒருவரின் முதலாம் ஆண்டு நினைவு விருந்துக்கு ஒயின் தேர்ந்துதரும் பொறுப்பு என்னிடம் வந்தது. அங்கே அதைச் சொல்ல முடிந்தது.

அவர் பிறந்தது 1945இல். துபாயில் இருக்கும் மூத்த மகன் தொலைபேசியில் முதலில் கேட்டதே அந்த ஆண்டின் பிரெஞ்சு ஒயினைத்தான். போர் முடிந்த அந்த ஆண்டு பிரான்சின் போர்தோ பகுதி ஒயினுக்குப் பெயர்பெற்ற ஆண்டு. மே மாதத்து உறைபனி பெருமளவு தளிரைக் கருக்கிவிட, எஞ்சிய குறைந்த விளைச்சல் அபாரமாக அமைந்தது. அதன் புகழ்பெற்ற பாட்டில்கள் இன்று லட்சக்கணக்கில் விலைபோகின்றன. ஆனால் பாட்டிலில் அச்சிட்ட ஆண்டு, பிரான்சின் ஒரு திராட்சைத் தோட்டத்தில் அன்று அடித்த வெயிலையும் பெய்த மழையையும் பற்றித்தான் பேசும்; பாம்பனில் பிறந்த ஒரு கப்பல்காரரைப் பற்றி அது என்ன சொல்லிவிடப்போகிறது? அண்ணனிடம் இதைச் சற்று மென்மையாகச் சொல்லிவிட்டு, கப்பல் ஊழியரின் பணிகளைப் பதியும் சிடிசி புத்தகம், பெரியப்பாவுடையது, வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன்.

இருந்தது. எந்தக் கப்பலில் எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்று முத்திரைகளோடு பதிந்த அந்தப் புத்தகத்தின் தொடக்கப் பக்கங்கள், சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்த 1967 முதல் 1975 வரையான காலத்தைச் சேர்ந்தவை. அந்த எட்டு ஆண்டுகளும் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றியே போயின. இஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலையில் பிரிட்டிஷ் கப்பல்களில் இருந்த பெரியப்பாவும் அப்படித்தான் போனார். கேப் டவுனில் கரையிறங்கி, வெள்ளையருக்கு ஒரு வாசல் மற்றவருக்கு ஒரு வாசல் என்று பிரித்திருந்த ஊரில் எந்த வாசலில் நுழைவது என்று தெரியாமல் கப்பலுக்கே திரும்பிவிட்டதை அவர் சிரித்துக்கொண்டே சொல்வாராம். அவர் உள்ளே போக முடியாத அந்த ஊரின் ஒயின் அவருடைய மேசைக்கு வருவதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. அங்கே நெடுங்காலமாக ஸ்டீன் என்று அழைக்கப்படும் செனின் பிளாங்க் வெள்ளை ஒயினை முதலில் குறித்துக்கொண்டேன்.

சாப்பாடும் அதற்கே இடம் கொடுத்தது. விளைமீன் குழம்பு, நண்டு, கணவாய் வறுவல் என்று அவருக்குப் பிடித்தவை மட்டுமே சமைப்பது என முடிவாகியிருந்தது. குழம்புக்கு நம் மாவட்டத்துக் குண்டு மிளகாய். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீனோடு சேரும்போது வாயில் ஒரு கவிச்சி வாடையை எழுப்பும். அதன் துவர்ப்பும் ஆல்கஹாலும் காரத்தை இன்னும் எரியவைக்கும். செனினின் புளிப்போ புளிக்குழம்புக்கு ஈடுகொடுக்கும், அதில் லேசான இனிப்பும் இருந்தால் மிளகாயின் வேகம் தணியும்.

பெரியம்மாவைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். குடியால் அழிந்த குடும்பங்களை ஒவ்வொரு தெருவிலும் பார்த்த கரை இது. ஒயின் என்றாலும் சாராயம் என்றாலும் இங்குள்ள பெண்களுக்கு ஒன்றுதான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. "அவரு கொண்டாந்த காசுலதான் இந்த வீடு நின்னுச்சு. அவரு பேரக் கெடுக்கிற மாதிரி எதுவும் வேணாம்ப்பா" என்றார். சாப்பிடும்போது ஆளுக்குச் சிறு கிளாஸ் ஒன்று, அதற்கு மேல் கிடையாது, வேண்டாதவர்களுக்குத் திராட்சைச் சாறு என்று நான் சொன்னபோது சற்று யோசித்துவிட்டு, பெரியப்பா ஒருமுறை தவிட்டு நிறத்தில் இனிப்பான போர்த்துகீசு ஒயின் கொண்டுவந்ததையும், கிறிஸ்துமஸ் அன்று பிள்ளைகளுக்கு அதில் பிஸ்கோத்தை நனைத்துக் கொடுத்ததையும் அவரே நினைவுகூர்ந்தார். அது போர்ட் ஒயினா, மதேரா ஒயினா என்று இனி அறிய வழியில்லை.

நான் மதேராவைத் தேர்ந்தேன். மதேரா என்ற அந்தப் போர்த்துகீசுத் தீவின் ஒயின் பீப்பாய்கள் கப்பலின் அடித்தளத்தில் வெப்ப மண்டலத்தைக் கடந்துபோய்த் திரும்பியபோது கெடுவதற்குப் பதிலாக மேம்பட்டிருந்ததைக் கண்டுதான், பிற்காலத்தில் கரையிலேயே ஒயினைச் சூடேற்றிப் பக்குவப்படுத்தத் தொடங்கினார்கள்; இன்றும் ஒரு முறையில் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் 45 முதல் 50 டிகிரி வரையான வெப்பத்தில் வைக்கிறார்கள். மதுரை விமான நிலையத்திலிருந்து பாம்பன் வரை காரில் வெயிலோடு வரவேண்டிய பாட்டிலுக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? செனினைத்தான் பனிக்கட்டி நிரப்பிய மீன் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து வருபவர் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரைதான் வரியின்றிக் கொண்டுவரலாம் என்பதால், மகன்கள் இருவரும் சேர்ந்து செனின் மூன்று, மதேரா ஒன்று என நான்கு பாட்டில்கள் வாங்கிவந்தார்கள்.

ராமேஸ்வரத்து அக்னி தீர்த்தத்தில் எள்ளும் தண்ணீரும் இறைப்பவர்களும் வீட்டுப் படையலில் இறந்தவருக்குப் பிடித்ததைத்தானே வைக்கிறார்கள். விலையைப் பார்த்தா வைக்கிறார்கள்? பெரியப்பா வீட்டில் இதை யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. திருப்பலி முடிந்து வந்தவர்களுக்குச் செனினை ஆளுக்கு 75 மில்லி ஊற்றினேன். பெரியம்மா அதைத் தொடவில்லை. பிறகு வந்த மதேராவில் மட்டும் பிஸ்கோத்தை நனைத்துக்கொண்டார். திறந்த பிறகும் மாதக்கணக்கில் கெடாது என்பதால், மீதியை நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கென்று அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

இப்போது கப்பலிலும் நினைவு விருந்துக்காக அழைக்கும் மேசைகளில், பட்டியலை நீட்டுவதற்கு முன் இறந்தவர் என்ன சாப்பிடுவார், எங்கெல்லாம் இருந்தார் என்று கேட்கிறேன். பலர் முதலில் திகைத்து, பிறகு நெடுநேரம் பேசுகிறார்கள். பெரும்பாலும் நடுத்தர விலையில் ஒன்றில் வந்து நிற்கிறார்கள். மாத விற்பனைக் கணக்கில் என் பெயருக்கு எதிரே உள்ள தொகை இதனால் சற்று இறங்கியிருக்கிறது, மேலாளர் அதைக் கவனித்தும் விட்டார்.