வெறும் சந்தேகத்துக்கு டிஎன்ஏ டெஸ்ட்டா?

மதுரைக் குடும்ப நல நீதிமன்றத்தில் ஜீவனாம்ச வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். பிள்ளைக்குச் செலவுப் பணம் கேட்டு மனைவி மனுப் போட்டதும், ‘குழந்தை எனக்குப் பிறந்ததல்ல, டிஎன்ஏ டெஸ்ட் எடுக்க உத்தரவிட வேண்டும்’ என்று கணவர் தரப்பிலிருந்து ஒரு இடைக்கால மனு வந்து விழும். பல மனுக்களில் ‘எனக்குச் சந்தேகம் உள்ளது’ என்பதைத் தாண்டி ஒன்றும் இருக்காது. எந்த மாதம் பிரிந்திருந்தார்கள், யார் எங்கே இருந்தார்கள் என்று ஒரு தேதிகூட இருக்காது. படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

சந்தேகம் என்றால் டெஸ்ட் எடுத்துவிட வேண்டியதுதானே என்பார்கள். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 112-ஆவது பிரிவுதான், 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 116-ஆவது பிரிவாக இருக்கிறது. திருமண உறவு நீடிக்கும்போது பிறந்த குழந்தை அந்தக் கணவரின் குழந்தைதான். திருமணம் முறிந்து, தாய் மறுமணம் செய்யாமல் இருக்க, 280 நாளுக்குள் பிறந்தாலும் அப்படியே. மறுக்கிறவர், கரு உண்டாகியிருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்ட வேண்டும். அந்தக் காலம் முழுக்க வெளிநாட்டில் இருந்தார், பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது என்றால் சரி. கோபித்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் இருந்தது போதாது.

ஒரு வழக்கில் கணவர் தனியார் லேப் ரிப்போர்ட்டையே கொண்டுவந்துவிட்டார். குழந்தையைப் பார்க்க அனுமதித்த ஞாயிற்றுக்கிழமையில் மாதிரி எடுத்திருக்கிறார். “அப்பா வாய்க்குள்ள பஞ்சுக் குச்சி விட்டுத் தேச்சாங்கம்மா” என்று அந்த ஏழு வயதுப் பிள்ளை சொல்லித்தான் தாய்க்கே தெரியும். யார் முன்னிலையில் எடுத்தது, யாருடைய மாதிரி, எப்படி சீல் வைத்தது என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. நீதிபதி அதை ஓரமாக வைத்துவிட்டு, “கர்ப்ப காலத்துக்கு முன்னாடி நீங்க எங்க இருந்தீங்க?” என்று கேட்டார். அதே வீட்டில்தான். மனு தள்ளுபடி.

உச்ச நீதிமன்றம் 1993-லேயே, தந்தை யாரென்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு வழக்கமாக உத்தரவிடக் கூடாது, ரத்தம் கொடு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டது. ஆனால் 2014-இல் ஒரு நாக்பூர் வழக்கில், இரண்டு முறை எடுத்த சோதனையும் கணவர் தந்தையல்ல என்று காட்டியபோது, சட்டத்தின் அனுமானத்தைவிட அறிவியல் சான்றே மேல் என்றது. அதை இன்றும் எதிர்த்தரப்பு வக்கீல்கள் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அங்கே சோதனை ஏற்கெனவே முடிந்திருந்தது. புதிதாக உத்தரவிடலாமா என்பது வேறு கேள்வி.

எனக்கு மிகவும் பிடித்தது 2023 பிப்ரவரித் தீர்ப்பு. புனே குடும்ப நீதிமன்றம் உத்தரவிட்டு, மும்பை உயர் நீதிமன்றம் உறுதிசெய்த டெஸ்ட்டை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மனைவியின் நடத்தையை நிரூபிக்க வேறு சாட்சியம் கொண்டுவா, அதற்குக் குழந்தையைக் கருவியாக்காதே என்பதே அதன் சாரம். விவாகரத்து வழக்கில் அந்தக் குழந்தை தரப்பினரே இல்லையே!

இப்படி ஒரு மனு உங்களுக்கு வந்தால் பயந்து உடனே சம்மதிக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழ், பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு, அப்போதைய வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுங்கள். அப்புறம், டெஸ்ட் மனு நிலுவையில் இருக்கிறதே என்று இடைக்கால ஜீவனாம்சம் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடம் அடுத்த வாய்தா வரை ஃபீஸுக்குக் காத்திருக்காது.