வீட்டு மியூசிக் கம்ப்யூட்டர்ல யூஎஸ்பி போர்ட் பத்தலையா, ஹப் வாங்குறதுக்கு முன்னாடி இதப் படிங்க

கோத்தகிரில ஒரு தம்பி வீட்லயே படுகர் பாட்டு ரெக்கார்டு பண்றாரு, போன வாரம் போன் பண்ணி அண்ணா டேக் நடுவுல, அதாவது பாடிப் பதிவு பண்றப்ப, பட் பட்னு சத்தம் விழுது, மைக் போயிடுச்சா இல்ல மைக்க கம்ப்யூட்டரோட சேக்குற ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி போயிடுச்சான்னு கேட்டாரு. ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. என்னென்ன எங்கெங்க சொருகி இருக்குன்னு கேட்டேன். ஒரு போர்ட்ட நாலாப் பிரிக்கிற, கரண்ட் அடாப்டர் இல்லாத ஒரு சின்ன ஹப், அதுல ஆடியோ இன்டர்ஃபேஸ், நோட்ஸ கம்ப்யூட்டருக்கு அனுப்புற மிடி கீபோர்டு, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், லைசென்ஸ் சாவியா சொருகி வைக்கிற சாஃப்ட்வேர் டாங்கிள் நாலும் தொங்குது, அந்த ஹப் கேபினெட்டோட முன்பக்க போர்ட்ல. காரணம் அங்கயே இருக்கு.

நிறைய பேரு வேகம் பத்தலன்னு நினைக்கிறாங்க, அது இல்லங்க. 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் தரத்துல ரெக்கார்டு பண்ணா ஒரு சேனலுக்கு நொடிக்கு 1.15 மெகாபிட் தான் ஆகும், எட்டு சேனல் உள்ள வந்தாலும் 10 மெகாபிட்டத் தாண்டாது, யூஎஸ்பி 2.0 ஓட கணக்கோ 480 மெகாபிட். பத்தாமப் போறது கரண்ட். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒண்ணு 5 வோல்ட்ல 500 மில்லி ஆம்பியர் தரணும், 3.0 போர்ட்னா 900. அடாப்டர் இல்லாத நாலு போர்ட் 2.0 ஹப் அந்த 500 மில்லி ஆம்பியரத்தான் பிரிச்சுக் குடுக்குது, போர்ட்டுக்கு 100 தான் கணக்கு. இன்டர்ஃபேஸுக்கோ அந்த 5 வோல்ட்ட ஏத்தி கண்டென்சர் மைக் வேலை செய்யத் தேவையான 48 வோல்ட்ட, ஃபேன்டம் பவர்னு சொல்றத, குடுக்கணும், பக்கத்துலயே ஹார்ட் டிஸ்க் சுத்த ஆரம்பிச்சா அதுவும் அதே கரண்டத்தான் இழுக்கும், அப்புறம் டேக் எப்படி சுத்தமா வரும் சொல்லுங்க?

இன்னொண்ணும் இருக்கு. ஃபைல் காப்பி பண்றப்ப ஒரு துண்டு தப்பாப் போனா யூஎஸ்பி திருப்பி அனுப்பிக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. ஆனா ஆடியோ அப்படி இல்ல, நேரத்துக்கு வரணும்ங்கிறதால திருப்பி அனுப்புறதே கிடையாது, போனது போனதுதான், அந்த ஓட்டைதான் நம்ம காதுல பட்னு விழுது. அதனாலதான் பென்டிரைவ் நல்லா வேலை செய்யுற ஹப்ல இன்டர்ஃபேஸ் மட்டும் தகராறு பண்ணும்.

அதனால நான் யாரு கேட்டாலும் சொல்றது ஒண்ணுதான், ஆடியோ இன்டர்ஃபேஸ் மதர்போர்டோட பின்பக்க போர்ட்ல நேராத்தான் சொருகணும், நடுவுல ஹப்போ எக்ஸ்டென்ஷனோ எதுவும் வேணாம். மிச்சத்துக்குத்தான் புது போர்ட் தேடணும்.

காசே பெருசா செலவாகாத வழி ஒண்ணு கேபினெட்டுக்குள்ளயே இருக்கும். பெரும்பாலான டெஸ்க்டாப் மதர்போர்டுல யூஸ் பண்ணாத 9 பின் யூஎஸ்பி ஹெடர், அதாவது வயர் சொருகுற பின் வரிசை, ஒண்ணாவது சும்மா கிடக்கும், அதுல சொருகி பின்பக்கம் திருகிக்கிற பிராக்கெட் வாங்கிட்டா ரெண்டு போர்ட் வந்துடும். மிடி கீபோர்டு, டாங்கிள், மவுஸுக்கெல்லாம் இதுவே தாராளம். ஆனா பாத்து, முன்பக்க ஆடியோ ஹெடரும் பாக்க இதே மாதிரிதான் இருக்கும், பின் இல்லாத இடம் மட்டும் மாறும், பழைய போர்டுல ஃபயர்வயர்ங்கிற வேற வகை போர்ட்டோட ஹெடரும் இருக்கும், அதுல 12 வோல்ட் வரும், யூஎஸ்பி பிராக்கெட்ட அதுல மாட்டிட்டா சொருகுற பொருள் கருகிடும். போர்டு மேல சின்ன எழுத்துல அச்சடிச்சிருக்கும், டார்ச் அடிச்சுப் படிச்சுட்டு மாட்டுங்க.

ஹெடர் காலி இல்லன்னா மதர்போர்டு ஸ்லாட்ல சொருகுற பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. சின்ன எக்ஸ்1 ஸ்லாட் போதும், நாலு போர்ட் கார்டு கிடைக்கும், எஸ்எம்பிஎஸ்ல இருந்து, அதாவது கேபினெட்டுக்குள்ள கரண்ட் குடுக்கிற பெட்டில இருந்து, சாட்டா பவர் வயர் மாட்டுற மாதிரி இருக்கிற கார்டாப் பாத்து எடுங்க, ஏன்னா ஸ்லாட் வழியா வர்ற கரண்ட மட்டும் நம்புற கார்டு நாலு போர்ட்டுக்கும் ஒரே நேரத்துல முழுசா குடுக்கத் திணறும். சிப் ரெனிசாஸோ டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோ கம்பெனியோடதுன்னா எனக்குத் திருப்தி. கார்டுல நாலு போர்ட் இருந்தாலும் சாதாரணமா அதையெல்லாம் நடத்துற கன்ட்ரோலர் சிப் ஒண்ணுதான், ஒரு குழாய்ல நாலு வீடு தண்ணி பிடிக்கிற கதை, போர்ட்டுக்கு ஒரு கன்ட்ரோலர் வச்ச கார்டும் வருது, விலை அதிகம், வீட்டு ரெக்கார்டிங்குக்கு அது அவசியம் இல்ல.

லேப்டாப் வச்சிருக்கிறவங்களுக்கு ஹப்ப விட்டா வழியில்ல, அப்ப அடாப்டரோட வர்ற ஹப் வாங்குங்க, அப்பவும் இன்டர்ஃபேஸ் லேப்டாப்ல நேரா. நீல கலர் 3.0 ஹப் வாங்கிட்டா 2.0 இன்டர்ஃபேஸ் வேகமாயிடும்னு கடைல சொல்வாங்க, நம்பாதீங்க, 3.0 ஹப்புக்குள்ள 2.0 க்குன்னு தனி பாதை இருக்கு, உங்க பொருள் அதுலதான் போகும். அப்புறம் 3.0 ஹார்ட் டிஸ்க் பக்கத்துல வயர்லெஸ் மவுஸோட ரிசீவர சொருகாதீங்க, 3.0 ஓட இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் பரவும், மவுஸ் தடுமாறும்.

விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜரத் திறந்து வியூ மெனுல கனெக்‌ஷன் வாரியா பாக்குற மாதிரி மாத்துங்க, எது எந்த கன்ட்ரோலர்ல தொங்குதுன்னு மரம் மாதிரி தெரியும். பவர் ஆப்ஷன்ல, கரண்ட் மிச்சம் பண்ண போர்ட்ட தூங்க வைக்கிற யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பென்ட ஆஃப் பண்ணிடுங்க.

நம்ம நீலகிரி மலைக்குன்னு சில விஷயம் இருக்கு. ஆடி மாசம் காத்துல மரம் சாஞ்சு லைன் அறுந்தா கரண்ட் வந்து வந்து போகும், அதனால ஹப்போட அடாப்டரையும் யூபிஎஸ்லயே மாட்டுங்க, கம்ப்யூட்டர் மட்டும் யூபிஎஸ்ல நின்னு ஹப் செத்துட்டா டாங்கிள் போயி சாஃப்ட்வேரே நின்னுடும். மிஸ்ட் வீட்டுக்குள்ளயே வர்ற குன்னூர் ஊட்டிப் பக்கம் காலியா கிடக்கிற போர்ட்ல ஈரம் தங்கி காண்டாக்ட் பச்சை பூத்துடும், ரப்பர் மூடி சில்லறை விலைக்குக் கிடைக்குது, புது போர்ட் போட்ட கையோட மூடியும் போட்டுடுங்க.

தம்பி இப்ப இன்டர்ஃபேஸ பின்னாடி மாத்திட்டாரு, ஹார்ட் டிஸ்க்குக்கும் தனி போர்ட் குடுத்துட்டாரு, தகரத்து மேல மழை விழுற சத்தத்தத் தவிர வேற எதுவும் டேக்ல இல்லையாம். மிச்சத்துக்கு கார்டு வாங்க கோயம்புத்தூர் போறாரு. போறவங்க எல்லாரும் கேபினெட்டத் திறந்து ஸ்லாட், ஹெடர், எஸ்எம்பிஎஸ் வயர் மூணையும் போன்ல போட்டோ எடுத்துட்டு இறங்குங்க, கிராஃபிக்ஸ் கார்டு அந்தச் சின்ன ஸ்லாட்ட மறைச்சுட்டு நிக்குதான்னும் பாத்துக்கோங்க, தப்பான கார்ட மாத்துறதுக்குன்னு திரும்ப மலை ரோடு இறங்கி ஏறுனா ஒரு நாள் போச்சு.