முடியைப் பார்த்துச் சொன்னவர்

அமெரிக்காவில் அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி), ஃபாஸ்டர் கேரில், அதாவது பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசின் பொறுப்பில் வேறொரு வீட்டில் வளரும் பிள்ளைகளுக்காக நீதிமன்றத்தில் பேசும் தன்னார்வலர்களைச் சேர்ப்பதுதான் ஆறு வருடம் என் வேலை. 1977இல் சியாட்டிலில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதி தொடங்கிய ஏற்பாடு இது. வீட்டிலிருந்து பிரிக்கப்பட்ட குழந்தை எங்கே வளர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவருக்கு, அந்தக் குழந்தையை நன்றாக அறிந்து வந்து பேச ஆளில்லை என்பது உறுத்தியது. ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து அனுப்பினார். இன்றும் அப்படித்தான்: சுமார் 30 மணி நேரப் பயிற்சி, நீதிபதி முன்னால் உறுதிமொழி, மாதம் ஒருமுறையாவது குழந்தையை நேரில் பார்ப்பது, ஆசிரியர், மருத்துவர், பெற்றோர் எல்லோரிடமும் பேசி அறிக்கை எழுதுவது.

அமெரிக்கக் குழந்தைகளில் ஏறக்குறைய 14 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். ஃபாஸ்டர் கேரிலோ ஐந்தில் ஒருவருக்கு மேல். எங்கள் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரப் பெண்கள். நல்ல மனசுக்காரர்கள். ஆனாலும் அந்த அறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது.

முதலில் ஒரு கறுப்பினத்தவர் தேவாலயத்துக்குப் போனேன். ஞாயிறு வழிபாடு முடிந்ததும் பத்து நிமிடம் பேசினேன். எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா மட்டும் அருகில் வந்தார். "கண்ணு, மூணு பேரப்பிள்ளைங்களை நான்தான் வளர்க்கிறேன். என் தங்கச்சி மகனையும் நான்தான் வளர்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனதே ஒரு கோர்ட்டு, அதுக்கு என்னை வந்து உதவச் சொல்றியா?" என்றார். அதில் கோபமே இல்லை.

அதுவரை அலுவலகத்தில் "அவர்களுக்கு ஆர்வமில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நானும் சொல்லியிருக்கிறேன். அது தப்பு. காகிதம் எதுவும் இல்லாமல் அக்கா பிள்ளையையும் பேரப்பிள்ளையையும் காலங்காலமாகத் தூக்கி வளர்த்தவர்கள் அவர்கள். நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டியவர்கள் நாங்கள்.

அப்புறம் நான் மேடையில் பேசுவதை விட்டுவிட்டேன். மாதாமாதம் அதே தேவாலயத்துக்கும், அதே தெருவில் இருந்த முடிதிருத்தும் கடைக்கும் போய் உட்கார ஆரம்பித்தேன். விண்ணப்பத்தில் ஒரு வரியைப் பார்த்ததும் ஆண்கள் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள் என்று கடைக்காரர்தான் சுட்டிக்காட்டினார்: 'எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா?' குழந்தைகளுக்கு எதிரான குற்றமோ பாலியல் குற்றமோ செய்தவருக்கு இடமே இல்லை, அதில் விட்டுக்கொடுக்கவும் கூடாது. இருபது வயதில் போடப்பட்ட சின்ன வழக்கு அப்படியல்ல, அதைத் தனியாகப் பேசிப் பார்க்கலாம். இதை விண்ணப்பத்திலேயே எழுதும்படி கேட்டேன். ஒரு வருடம் ஆயிற்று. பயிற்சியைச் சனிக்கிழமைக்கு மாற்ற இன்னும் கொஞ்ச நாள்.

அந்தத் தேவாலயத்திலிருந்து முதலில் வந்தவர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி. அவரிடம் ஒப்படைத்தது ஒன்பது வயதுச் சிறுமியின் வழக்கு (அடையாளம் தெரியக்கூடாது என்று சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). முன்பு பார்த்துவந்தவரின் அறிக்கைகளில் 'நலமாக இருக்கிறாள்' என்றிருந்தது. இவர் முதல் நாளே, வெயிலில் ஏன் தொப்பிச் சட்டை போட்டிருக்கிறாள் என்று கேட்டார். பிள்ளை தயங்கித் தயங்கித் தொப்பியை இறக்கினாள். பிடரியில் முடி சிக்குப் பிடித்து ஒரே கட்டியாகத் திரண்டிருந்தது. சீப்பு வைத்தாலே வலி. பள்ளியில் கேலி. வளர்த்த வீட்டார் கெட்டவர்கள் அல்ல. அந்த முடியை எப்படிப் பராமரிப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

அறிக்கையில் இரண்டே வரி எழுதினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பின்னிவிடத் தெரிந்தவரிடம் அழைத்துப் போக வேண்டும். இரவில் தலையில் கட்டிக்கொள்ள சாட்டின் துணி வேண்டும். நீதிபதி அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, அப்படியே உத்தரவிட்டார்.

அடுத்த விசாரணைக்குச் சிறுமி மணி கோர்த்த பின்னல்களோடு வந்தாள். தலையைத் திருப்பும்போதெல்லாம் மணிகள் சத்தம் போட்டன. அவள் வேண்டுமென்றே திருப்பிக்கொண்டிருந்தாள்.