எல்லாம் நீர்க்கட்டி அல்ல

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட்டில், சூலகத்தில் (சினைப்பையில்) 'டெர்மாய்ட் சிஸ்ட்' என்று வந்தால், அன்று ராத்திரிக்குள் வீட்டில் அது 'நீர்க்கட்டி' ஆகிவிடும். பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறையும் நாம் நீர்க்கட்டி என்கிறோம், மாதவிலக்கோடு வந்து போகும் சாதாரணக் கட்டியையும் அப்படித்தான் சொல்கிறோம். பெயர் ஒன்றானதும் வைத்தியமும் ஒன்றாகிவிடுகிறது. சர்க்கரையைக் குறை, வெந்தயத்தை ஊறவைத்துக் குடி, மூன்று மாதம் மாத்திரை போடு, கரைந்துவிடும். டெர்மாய்ட் கரையாது. கருத்தடை மாத்திரையும் அதைச் சுருக்காது. உள்ளே இருப்பது நீரே இல்லையே.

சினைமுட்டையாக வேண்டிய ஒரு செல், கருவுறாமலே தன்பாட்டுக்குப் பெருகத் தொடங்குவதால் வருவது இது. அந்த செல்லுக்கு உடம்பின் எந்தத் திசுவையும் உண்டாக்கும் திறன் உண்டு. அதனால் பைக்குள் தோல், முடி, எண்ணெய்ச் சுரப்பி, சில சமயம் பல், எலும்பு எல்லாம் இருக்கும். மீதி இடம் முழுக்க மஞ்சள் கொழுப்பு. உடல் சூட்டில் எண்ணெய் போல ஓடும், வெளியே எடுத்து வைத்தால் நெய் மாதிரி உறையும். பல் இருந்தது என்று கேள்விப்பட்டதும் கர்ப்பம், செய்வினை என்று பேச்சு கிளம்புவதுண்டு. ஆணுறவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் வரும். 20 வயதுக்குட்பட்டவர்களின் சூலகத்தில் வளரும் கட்டிகளில் இதுதான் அதிகம். வருடத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர்தான் வளரும். புற்றுநோயாக மாறுவது 100இல் 1 அல்லது 2, அதுவும் பெரும்பாலும் 45 வயதுக்கு மேல்.

கல்யாணமாகாத பெண் என்றால் ஸ்கேன் எப்படி எடுப்பார்களோ என்று அம்மாக்கள் தயங்குவார்கள். வயிற்றின் மேல் வைத்தே எடுக்கலாம், ஆனால் மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முன் ஒரு லிட்டர் போலத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கி வையுங்கள். பாதி நிரம்பிய பையோடு போனால் குடல் வாயு மறைத்துவிடும். ஸ்கேனில் டெர்மாய்ட் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும், அதன் பின்னால் நிழல் விழும், முடிகள் மெல்லிய கோடும் புள்ளியுமாக இருக்கும். குடல் வாயுவும் இதே மாதிரி தெரிவதால் பெரிய கட்டிகூடச் சில சமயம் தப்பிவிடும். ரத்தம் கட்டிய சாதாரணக் கட்டியும் ஏமாற்றும். அதற்குத்தான் 6 முதல் 12 வாரம் கழித்து மறு ஸ்கேன்: ரத்தக்கட்டி சுருங்கியிருக்கும், டெர்மாய்ட் அப்படியே இருக்கும். இன்னும் சந்தேகமென்றால் எம்.ஆர்.ஐ. அதில் கொழுப்பை மட்டும் அடக்கிக் காட்டும் படத்தில் டெர்மாய்ட் கறுத்துவிடும், ரத்தம் கறுக்காது.

சூலகப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான சி.ஏ. 125 கூடியிருக்கிறது என்று தூக்கம் கெட வேண்டாம். இளம் வயதில் மாதவிலக்கே அதை ஏற்றிவிடும். கட்டிக்குள் கெட்டியான பகுதி நிறைய இருந்தால் கேட்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகள் ஏ.எஃப்.பி., பீட்டா ஹெச்.சி.ஜி., எல்.டி.ஹெச். மூன்றும். இளம் பெண்களின் சூலகப் புற்றுநோய்களைக் காட்டிக்கொடுப்பவை இவைதான்.

5 சென்டிமீட்டருக்குக் குறைவாக, வலியில்லாமல் இருந்தால் வருடம் ஒரு ஸ்கேன் போதும். அதற்கு மேல் போனால், வேகமாக வளர்ந்தால், வலித்தால் ஆபரேஷன் பேச்சை எடுக்கலாம். காரணம் புற்றுநோய்ப் பயம் அல்ல, முறுக்கல். கனத்த கட்டி தொங்கும்போது சூலகம் தன் காம்பிலேயே திருகிக்கொள்ளும், ரத்தம் நிற்கும். திடீரென்று ஒரு பக்க அடிவயிற்றில் குத்தல், கூடவே வாந்தி. வலி சில சமயம் விட்டுவிட்டு வரும், 'சரியாகிவிட்டது' என்று நினைக்க வைக்கும். வலப்பக்கம் சற்று அதிகம், அதனால் அப்பெண்டிக்ஸ் என்றும் எண்ணிவிடுவார்கள். டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கல் இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் சூலகத்துக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது.

இந்த வலிக்கு வீட்டில் கிராண்ட்பா என்ற வலிநிவாரணிப் பொடி கொடுத்து மறுநாள் வரை பார்ப்பதுதான் பெரிய தப்பு. அந்தப் பொடியில் ஆஸ்பிரின் இருக்கிறது, ஆபரேஷனில் ரத்தம் நிற்காமல் தொல்லை தரும். கஞ்சிகூடக் கொடுக்காதீர்கள், மயக்க மருந்துக்கு வெறும் வயிறு வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112. அவசர சிகிச்சையை எந்த ஆஸ்பத்திரியும் மறுக்கக் கூடாது என்று தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவே சொல்கிறது. கையில் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீட்டு) கார்டு இல்லையென்று திருப்பியனுப்ப வழியில்லை.

திறந்து பார்க்கும்போது சூலகம் நீலம் பாய்ந்து கறுத்திருக்கும். அதைப் பார்த்து வெட்டியெறிவது பழைய பழக்கம். திருகலை அவிழ்த்துவிட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

கையெழுத்துக்கு முன் ஒப்புதல் தாளில் ஒரு சொல்லைத் தேடுங்கள். 'சிஸ்டெக்டமி' என்றால் கட்டியை மட்டும் எடுப்பது. 'ஊஃபெரெக்டமி' என்றால் சூலகத்தையே எடுப்பது. இரண்டும் எழுதியிருந்தால் எந்த நிலையில் இரண்டாவது என்று கேளுங்கள். 12 வயதைத் தாண்டிய, புரிந்துகொள்ளும் பக்குவமுள்ள பெண், பெற்றோர் துணையோடு தானே சம்மதம் தரலாம் என்கிறது 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம். ஆகவே கேள்வியை அவளும் கேட்கட்டும்.

நல்ல சர்ஜன் சிறு துளை வழியே செய்யும் லேப்ரோஸ்கோப்பில், லிச்சியின் தோலைச் சுளை கிழியாமல் கழற்றுகிற மாதிரி, எதிரெதிர்ப் பக்கம் இழுத்துக் கட்டியைப் பிரிப்பார். பிறகு வயிற்றுக்குள்ளேயே ஒரு பையில் போட்டு, அந்தப் பைக்குள் வைத்தே உறிஞ்சி வெளியே எடுப்பார். கொழுப்பு சிந்திவிட்டால் வெதுவெதுப்பான சலைனில் (உப்பு நீரில்) லிட்டர் கணக்கில் கழுவ வேண்டும். குளிர்ந்த சலைன் கொழுப்பை உறைய வைக்கும், தங்கிய கொழுப்பு வயிற்று உறையைப் புண்ணாக்கும். ரத்தத்தை நிறுத்தச் சுட்டுச் சுட்டுப் பொசுக்குவதைவிடத் தையல் நல்லது, சுடும் ஒவ்வொரு இடத்திலும் முட்டைகள் போகும். எடுத்த கட்டி கட்டாயம் பரிசோதனைக்குப் போக வேண்டும், அந்த ரிப்போர்ட்டை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

பிறகு ஓரிரு நாள் தோள் வலிக்கும், ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஏற்றிய வாயுவின் வேலை அது. நாளாக ஆகக் குறைய வேண்டிய வயிற்று வலி கூடினால், காய்ச்சல் வந்தால் உடனே திரும்பிப் போங்கள். தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருந்தால் ஆபரேஷன் தேதியை அதற்கு முன்னாலேயே நெருக்கி வைக்காதீர்கள், கனம் தூக்கச் சில வாரம் ஆகும். 100இல் 3, 4 பேருக்குத் திரும்ப வரும், மறு பக்கத்திலும் வரலாம். வருடாந்திர ஸ்கேன் தொடரட்டும்.

இன்னொன்று, அபூர்வம்தான். டெர்மாய்டில் மூளைத் திசுவும் இருக்கலாம். அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி சொந்த மூளையையே தாக்கும் நோய் 2007இல் அடையாளம் காணப்பட்டது. நன்றாயிருந்த பெண் சில நாளில் சந்தேகப் பேச்சு, தூக்கமின்மை, வலிப்பு, வாய் கோணல் அசைவு என்று மாறிவிடுவாள். சாமி வந்திருக்கிறது, பேய் பிடித்திருக்கிறது என்று வீட்டில் நினைப்பார்கள், டாக்டரே மனநோய் வார்டுக்கு அனுப்பவும் கூடும். கோயிலுக்குப் போகிறவர்கள் போகட்டும். ஆனால் அடிவயிற்று ஸ்கேனும், இந்த நோயைக் காட்டும் என்.எம்.டி.ஏ. ஆன்டிபாடிக்கு முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும் வேண்டும் என்று அதே நாளில் கேளுங்கள்.